அத்தை வளர்த்த மண்ணுளி

ஒரு பாம்பைப் பார்த்து வயிறு எரிந்தவர்கள் உங்களில் யாராவது உண்டா? நம் வயதுக்காரர்களைத்தான் கேட்கிறேன். தம்பிக்கு எடுத்த சட்டையைப் பார்த்து, பக்கத்து வீட்டுச் சைக்கிளைப் பார்த்து, முதல் பெஞ்சுக்காரியின் வெல்வெட் ரிப்பனைப் பார்த்து எரிந்தவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். முட்டி தேய்ந்து, மாத்திரை டப்பாவும் தண்ணீர்ப் பாட்டிலுமாகப் பஸ் ஏறுகிற இந்த வயதில் அதையெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொள்ளலாம். என் கதை கொஞ்சம் வேறு. நான் பொறாமைப்பட்டது ஒரு மண்ணுளிப் பாம்பின் மேல். அதுவும் இரை எடுக்காமல் சாகக் கிடந்த பாம்பு.

அப்போது ஓசூரைச் சுற்றிக் கம்பெனிகள் வந்துகொண்டிருந்தன. கேழ்வரகு விளைந்த காட்டை அடுத்த முறை பார்க்கும்போது கம்பி வேலி போட்டிருப்பார்கள். அதற்கும் அடுத்த முறை போனால் உள்ளே தகரக் கூரை பளபளக்கும். அப்பா அப்படியொரு கம்பெனியில் லேத் ஓட்டினார். எத்தனை முறை துவைத்தாலும் அவர் சட்டையில் எண்ணெய் வாசம் போகாது. நாங்கள் குடியிருந்தது லைன் வீட்டில். ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள், எல்லாருக்கும் பொதுவாக வாசலில் ஒரு குழாய். எங்களுக்கு ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, அவ்வளவுதான். கோடி வீட்டில் வீட்டுக்காரம்மா இருந்தார். கன்னடத்துக்காரர். தமிழில் தொடங்குகிற பேச்சைக் கன்னடத்தில் முடிப்பார். கோபம் வந்தால் தெலுங்கு.

அந்த ஒரு அறைக்குள் அத்தை வந்து சேர்ந்தாள். அப்பாவின் ஒரே தங்கை. போச்சம்பள்ளிப் பக்கம் மாந்தோப்பு உள்ள வீட்டில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். கல்யாணமாகி வருஷங்கள் ஓடியும் குழந்தை இல்லை. "கொஞ்ச நாள் அண்ணன் வீட்ல இருந்துட்டு வரட்டும்" என்று மாமா கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். அந்தக் கொஞ்ச நாள் தீபாவளியைத் தாண்டி, பொங்கலைத் தாண்டி நீண்டது. மாமா வரவில்லை.

எனக்கு அதைப் பற்றி ஒரு வருத்தமும் இல்லை. தம்பி பிறந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அம்மாவின் மடியில் எனக்கு இடம் போய்விட்டிருந்தது. அந்த நேரத்தில் பார்த்து முழுசாக ஒரு ஆள் எனக்கென்று வந்திறங்கினாள். அத்தைதான் எனக்கு எண்ணெய் வைத்துத் தலை பின்னினாள். களியைச் சின்னச் சின்னதாகக் கிள்ளி, அவரைக்கொட்டைக் குழம்பில் தோய்த்து, "விழுங்கு, மெல்லாத" என்று ஊட்டினாள். ஓசூர்க் குளிர் உங்களுக்குத் தெரியும். மார்கழியில் தரை பச்சைத் தண்ணீராகச் சில்லிடும். நான் என் பாதங்களை அவளுடைய கெண்டைக்கால்களுக்கு நடுவில் செருகிக்கொண்டு தூங்குவேன். "ஐஸ் மாதிரி இருக்குடி" என்பாளே தவிர, காலை நகர்த்த மாட்டாள்.

எனக்காக அவள் ஒரு பச்சைக் கம்பளி ஸ்வெட்டர் பின்னத் தொடங்கியிருந்தாள். முதுகுப் பக்கமும் ஒரு கையும் முடிந்திருந்தன.

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "எல்லாத்துக்கும் உங்க அத்தைதான் வேணும். அவகிட்டயே போ" என்று நான் எதைக் கேட்டாலும் வெடுக்கென்பாள். இன்னொன்றும் உண்டு. தம்பியை அத்தையின் கையில் அம்மா கொடுக்கவே மாட்டாள். அத்தை கையை நீட்டினால், "பால் குடிக்கிற நேரம்" என்பாள். "இப்பத்தான் கண்ணு அசந்தான்" என்பாள். ஒருநாள் அத்தை தூளிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனதும், அம்மா அவசர அவசரமாக உப்பும் மிளகாயும் எடுத்துத் தம்பியைச் சுற்றி அடுப்பில் போட்டாள். எதற்கென்று எனக்குப் புரியவில்லை. அத்தையின் கை தம்பியிடம் போகாதவரை அது என் கை என்பது மட்டும் புரிந்தது.

பாம்பு வந்தது மாசி வாக்கில். அப்பா வேலை செய்த கம்பெனியில் இன்னொரு ஷெட் கட்ட நிலத்தைச் சமன் செய்துகொண்டிருந்தார்கள். மண் தள்ளுகிற இயந்திரம் அதை மண்ணோடு புரட்டிப் போட்டிருக்கிறது. ஆளாளுக்குக் கல்லை எடுத்திருக்கிறார்கள். அப்பா குறுக்கே போய் அதைச் சாப்பாட்டுப் பைக்குள் போட்டு எடுத்து வந்துவிட்டார். எனக்கு வேடிக்கை காட்டத்தான் கொண்டு வந்ததாகப் பிறகு சொன்னார்.

செம்மண் நிறம். அப்பாவின் மணிக்கட்டுப் பருமன். வாலும் தலைபோலவே மழுங்கி இருக்கும், எந்தப் பக்கம் முகம் என்று கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆகும். விலாவில் தோல் கிழிந்து மண் அப்பியிருந்தது. அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு ஓடினாள்.

"விஷம் கெடயாது. எலி புடிச்சுத் திங்கற சாது. காயம் ஆறட்டும், காட்டுல விட்டுர்லாம்" என்றார் அப்பா.

அத்தை மஞ்சளைக் குழைத்து எடுத்து வந்து உட்கார்ந்தாள். கிழிந்த இடத்தைத் துடைத்தாள். அது அவள் முன்கையில் மெல்லச் சுற்றிக்கொண்டு தலையை அவள் உள்ளங்கைக்குள் நுழைத்தது. அத்தை அசையவே இல்லை. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எனக்குத் தலை பின்னுகிற கை.

சத்தம் கேட்டு வந்த வீட்டுக்காரம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். அத்தையைத் தனியாக அழைத்துப் போய் அவர் சொன்னதை நான் பின்னாலேயே போய்க் கேட்டேன். "உங்க மாமனாரு கிணறு வெட்டறப்போ நாகத்தைக் கொன்னாருன்னு சொன்னியல்லம்மா? அந்தச் சாபம்தான் உன் வயித்த மூடி வச்சிருக்கு. இப்ப தேடி வந்திருக்கு பாரு. இத நீ பொழைக்க வச்சிடு. உனக்கு மகு ஆகும்." மகு என்றால் கன்னடத்தில் குழந்தை. அது மட்டும் எனக்குத் தெரியும்.

அன்றிலிருந்து அத்தை என்னுடையவளாக இல்லை.

அப்பா கம்பெனியிலிருந்து ஒரு பைன் மரப் பெட்டி கொண்டுவந்தார். வெளிநாட்டிலிருந்து இயந்திர சாமான் வந்த பெட்டி. பக்கவாட்டில் குடைப் படமும் உடையும் கோப்பைப் படமும் அச்சடித்திருக்கும். மரத்தின் வாசம் பிசினும் மருந்தும் கலந்த மாதிரி இருக்கும், இன்றும் புதுப் பலகையை முகர்ந்தால் அந்த அறை நினைவுக்கு வந்துவிடும். பெட்டியில் மண்ணை நிரப்பி, மேலே ஒயரில் குண்டு பல்பு தொங்கவிட்டார். மின்சாரம் அடிக்கடி போகும். போனால் பெட்டி சில்லிட்டுவிடும். ஒருநாள் அப்படிப் போனபோது அத்தை என் ஸ்வெட்டரை, அந்த முதுகையும் ஒரு கையையும், ஊசியிலிருந்து உருவி முடிச்சுப் போட்டு, பாம்பின் மேல் போர்த்தினாள்.

"அத்தே, அது என்னோடது."

"உனக்கு வேற பின்னித் தரேன் கண்ணு. அதுக்கு ஒடம்பு சரியில்ல."

வேறு பின்னவே இல்லை. அடுத்த நாள் பார்த்தேன். பாம்பு அந்த ஒற்றைக் கைக்குள் நுழைந்து, தோள்பட்டை வழியாகத் தலையை நீட்டிக்கொண்டிருந்தது. எனக்கென்று அளவெடுத்த கை.

காயம் ஆறியது. ஆனால் பாம்பு சாப்பிடவில்லை. முதலில் பால் வைத்தார்கள். பாம்பு பால் குடிக்காது என்று இன்று சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். அன்று எங்கள் லைனில் யாருக்கும் தெரியாது. பால் ஆடை கட்டி, எறும்பு மொய்த்தது. முட்டை வைத்தார்கள். தவளை. அப்பா பொறி வைத்து எலி பிடித்துப் போட்டார். அந்த எலி பாம்பின் முதுகில் ஏறி நடந்தது, பாம்பு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நடுவில் ஒருமுறை அதன் கண்கள் பால்போல வெளுத்தன. குருடாகிவிட்டது என்று அம்மா சொன்னாள். பிறகு சட்டை உரித்தது. தோல் உரிந்து சாகப் போகிறது என்றார் அப்பா. காலையும் மாலையும் வீட்டுக்காரம்மா வாசலில் நின்று, "பாப, ஊட்டா மாடல்வா?" என்று கேட்பார். பாவம், சாப்பிடலையா என்று அர்த்தம். அதே வாசலில் நான் நிற்பேன். நான் சாப்பிட்டேனா என்று யாரும் கேட்கவில்லை.

அத்தை பெட்டியருகிலேயே பாய் போட்டுக்கொண்டாள். என் பாதங்கள் கம்பளிக்குள் தனியாகக் கிடந்தன. பள்ளியிலிருந்து வந்தால் அவள் பெட்டிக்குள் கையைவிட்டபடி உட்கார்ந்திருப்பாள். ஒரு மத்தியானம் நான் வந்த சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை. செத்த எலியின் வாலைப் பிடித்துப் பாம்பின் முகத்துக்கு நேராக ஆட்டிக்கொண்டு, "ஒரே ஒரு வாய் சாமி. நீ தின்னுட்டா எனக்கு வந்துடும். தின்னுடு" என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். என்னிடம் அவள் ஒருநாளும் கெஞ்சியதில்லை. நான் கெஞ்ச வைக்காமலே சாப்பிட்டுவிடுகிற பிள்ளை.

அதனால் நானும் சாப்பிடுவதை நிறுத்தினேன்.

வயிறு வலிக்கிறது என்று காலையில் சொன்னேன். மத்தியானம் தட்டைத் தள்ளிவைத்தேன். அத்தை வருவாள், களியைக் கிள்ளுவாள் என்று சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். அவள் வரவில்லை. அம்மா வந்தாள். தம்பியைத் தூளியில் போட்டுவிட்டு, கை கழுவிக்கொண்டு, ரசம் சோறு பிசைந்து உருண்டை பிடித்தாள். "ஆ காட்டு" என்றாள். நான் வாயை இறுக்கிக்கொண்டு, "அத்தை ஊட்டட்டும்" என்றேன். அம்மாவின் கை அந்தரத்தில் நின்றது. அவள் என்னைத் திட்டவில்லை. அந்த உருண்டையைத் தன் வாயில் போட்டுக்கொண்டு, மெல்லாமல் வைத்திருந்தாள். அந்த முகத்தை இன்று நினைத்தால் எனக்குத் தெரிகிறது. அந்த ஒரு அறையில் எரிந்துகொண்டிருந்தது நான் மட்டும் இல்லை.

அத்தை அன்று வராததற்குக் காரணம் இருந்தது. என் தலைப்பிரசவத்தின்போதுதான் அதைச் சொன்னாள். "நீ சும்மா படுத்திருக்கேன்னு எனக்குத் தெரியாதாக்கும்? உங்கம்மா சோறு பெசையறதப் பாத்தேன். நான் வந்தா அவ எந்திரிச்சுப் போயிருப்பா." நான் அத்தனை வருஷமும் அவள் பாம்புக்காக என்னைப் பட்டினி போட்டாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெயில் ஏறியது. பாம்பு தின்னவில்லை. ஆனால் உடம்பு இளைக்காமல் நடுவில் உப்பிக்கொண்டே வந்தது. அத்தை பயந்துபோனாள். பள்ளி விடுமுறையில் ஒருநாள் அதை மஞ்சள் பைக்குள் போட்டு, பையை ஒயர் கூடைக்குள் வைத்து, மேலே துண்டு மூடி, மாட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். துணைக்கு நான். டவுன் பஸ்ஸில் கண்டக்டர், "கூடைல என்னம்மா?" என்றார்.

"கெழங்குங்க" என்றாள் அத்தை.

கூடை என் மடியில் இருந்தது. கிழங்கு நகர்ந்தது.

ஆஸ்பத்திரியில் சினை மாடுகளும் காலொடிந்த ஆடுகளுமாகக் கூட்டம். டாக்டர் புதிதாக வேலைக்கு வந்தவர்போல இருந்தார். பையைத் திறந்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "இத யாரும்மா கொண்டாரச் சொன்னது? யாரோடது இது?"

"என்னோடதுங்க."

ஒரு நொடிகூட யோசிக்காமல் சொன்னாள். கடையில், கோயிலில், பஸ்ஸில் எத்தனையோ பேர் என்னைக் காட்டி அவளிடம், "உங்க பொண்ணா?" என்று கேட்டிருக்கிறார்கள். "எங்கண்ணன் பொண்ணுங்க" என்றுதான் சொல்வாள். ஒருமுறைகூட மாற்றிச் சொன்னதில்லை.

டாக்டர் விரல் நுனியால் பாம்பின் வயிற்றைத் தடவினார். "உள்ள கட்டி கட்டியா இருக்கு. குடல்ல கட்டி. இதுக்கெல்லாம் ஆபரேஷன் கெடயாதும்மா. தானா போற வரைக்கும் வச்சிருங்க." அடுத்த மாட்டைக் கூப்பிடச் சொன்னார். சினை மாடு.

திரும்பி வரும்போது அத்தை ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். சந்தைக்குப் போகிற பூக்கூடைகள் பஸ் முழுக்க இருந்தன. ரோஜா வாசமும் டீசல் வாசமும் சேர்ந்து எனக்குக் குமட்டியது. பாம்பு செத்துவிடும், அத்தை எனக்குத் திரும்பிவிடுவாள் என்று கணக்குப் போட்டேன். சந்தோஷமாக இருந்தது. அவள் அழுவதைப் பார்த்ததும் நான் செத்தால் இப்படி அழுவாளா என்று யோசித்தேன். சந்தோஷம் போய்விட்டது.

மாம்பழக் காலம் தொடங்கியதும் மாமா வந்தார். வைக்கோல் பரப்பிய கூடை நிறையத் தோப்புப் பழம். அறை முழுக்கப் பழ வாசம். அம்மா காப்பி கொடுத்தாள். மாமா வேட்டி நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டே அப்பாவிடம் பேசினார்.

"எங்கம்மா ஒரு பொண்ணு பாத்திருக்காங்க மச்சான். வம்சம்னு ஒண்ணு வேணுமில்ல. உங்க தங்கச்சிய நான் விடலீங்க. அவளும் இருக்கட்டும், வர்றவளும் இருக்கட்டும். ஒத்துமையா இருக்கச் சொல்லி நீங்கதான் எடுத்துச் சொல்லணும்."

அப்பா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "பெரியவங்கள ஒரு வார்த்த கலந்துட்டு…" என்று இழுத்தார். அவருக்குத் தங்கைமேல் உயிர். ஆனால் மாப்பிள்ளை என்று வந்துவிட்டால் அவருக்கு முதுகு தானாக வளைந்துவிடும்.

சமையல்கட்டு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற அம்மாதான் பேசினாள். "அவ எங்கயும் வரமாட்டாண்ணா. இன்னொருத்திக்குப் பாய் விரிச்சுப் போடவா அவள அனுப்பணும்? கூடையையும் எடுத்துட்டுப் போங்க."

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அத்தை எப்போது கிளம்புவாள் என்று பக்கத்து வீட்டில் அம்மா முணுமுணுத்ததை நானே கேட்டிருக்கிறேன்.

அத்தை பெட்டியருகில் இருந்தாள். "சித்த பொறுங்க" என்றாள். "இது பொழச்சிடட்டும். அப்புறமா நான் சொல்றேன்."

"எது?" என்றார் மாமா.

அத்தை பெட்டியைக் காட்டினாள். மாமா எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். ஸ்வெட்டருக்குள் சுருண்டு கிடந்ததைப் பார்த்ததும் பின்னால் வந்துவிட்டார். "உனக்குப் புத்தி பெரண்டு போச்சு" என்றார். வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே, "ஆடி பொறக்கறதுக்குள்ள சொல்லி அனுப்புங்க மச்சான். அப்புறம் கல்யாணம் வைக்க முடியாது" என்றார். கூடையை எடுத்துப் போகவில்லை. பழங்களை நாங்கள்தான் தின்றோம். அம்மா தொடவில்லை.

அதற்குப் பிறகு அத்தை எங்கள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. ஏரிக்கரை நாகர் கல்லுக்கு மஞ்சள் பூசிவிட்டு வருவாள், பெட்டியில் கையை விட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். பாம்பு ஒரு வாய் தின்றால் அவள் மாமா வீட்டுக்குத் திரும்பிப் போவாள், அவளுக்குக் குழந்தை பிறக்கும், இன்னொருத்தி வரவேண்டியதில்லை. இதுதான் அவள் போட்டிருந்த கணக்கு. எனக்கு அதில் ஒன்றுதான் தெரிந்தது. பாம்பு செத்தால் அத்தை எனக்கு. பிழைத்தால் அத்தை போய்விடுவாள்.

ஒருநாள் விடிந்து குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. அத்தை குடத்தோடு வரிசையில் நின்றாள். நான் பெட்டியை எட்டிப் பார்த்தேன். பாம்பு நீளமாக, ஒல்லியாகக் கிடந்தது. செத்துவிட்டது என்று நினைத்தேன். அப்போது ஸ்வெட்டரின் கைக்குள் ஏதோ அசைந்தது. விரல் தடிமனில் ஒரு குட்டி, ஈர மினுமினுப்போடு வெளியே வந்தது. ஆரஞ்சு நிறம், உடம்பெல்லாம் கறுப்பு வளையம். பின்னாலேயே இன்னொன்று. மண்ணுக்குள்ளிருந்து இன்னொன்று. என்னால் எண்ண முடியவில்லை.

"அத்தே! குட்டி! குட்டி போட்டிருக்கு!"

லைனே ஓடி வந்தது. கட்டி என்றாரே டாக்டர் என்று அப்பா தலையில் கைவைத்துச் சிரித்தார். சமீபத்தில் என் மகள் கைப்பேசியில் தேடிப் படித்துக் காட்டினாள். மண்ணுளி முட்டையிடாது, குட்டிதான் போடும். வயிற்றில் குட்டி இருக்கிறபோது மாதக்கணக்கில் இரை எடுக்காமல் இருக்கும். அவ்வளவுதான் விஷயம். அதற்கு நோயே இல்லை. நாங்கள் அத்தனை பேரும் அந்தப் பிள்ளைத்தாய்ச்சியைச் சாகப் போகிறது என்று நம்பிக்கொண்டிருந்தோம்.

வீட்டுக்காரம்மா அத்தையின் தோளைப் பிடித்து உலுக்கினார். "பாரம்மா, நோடு! நான் சொன்னேனல்லா? இனி உனக்குத்தான்!"

அத்தை குடத்தை இடுப்பிலிருந்து இறக்காமலே பெட்டிக்குள் பார்த்தாள். குடம் ததும்பிப் புடவை நனைந்துகொண்டிருந்தது. எல்லாரும் குட்டிகளைப் பார்த்தார்கள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். உதடு இறுகி, மூக்கு நுனி வெளுத்து, கண் அந்தத் தாய்ப் பாம்பை விட்டு நகராமல் நின்ற அந்த முகம் எனக்குப் பழக்கமான முகம். ஸ்வெட்டருக்குள் பாம்பைப் பார்த்த அன்று, ஜன்னல் கண்ணாடியில் நான் பார்த்த என் முகம் அப்படித்தான் இருந்தது.

"உனக்குமா" என்றாள். சத்தமே வரவில்லை. பாம்பிடம்தான் சொன்னாள்.

பிறகு குடத்தைச் சமையல்கட்டில் வைத்துவிட்டு வந்து அப்பாவிடம் தெளிவாகச் சொன்னாள். "அவருகிட்டச் சொல்லி அனுப்பிடுங்கண்ணா. கட்டிக்கட்டும். நான் போகல. இதயும் எங்கயாச்சும் கொண்டுபோயி விட்டுருங்க. எனக்கு வேணாம்."

அதன் பிறகு அவள் பெட்டியைத் தொடவில்லை. தண்ணீர்க் கிண்ணத்தை நான்தான் நிரப்பினேன். நான் வேண்டியது கிடைத்துவிட்டது. பாம்பின் பக்கத்திலிருந்து அத்தை எழுந்து வந்துவிட்டாள். ஆனால் என்னிடம் வரவில்லை. சுவரோரம் படுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா பெட்டியைச் சைக்கிள் கேரியரில் கட்டினார். முன் கம்பியில் நான். ராயக்கோட்டை ரோட்டில் கம்பெனிகள் முடிந்து, நிலக்கடலைக் கொல்லைகளும் தாண்டி, ஒரு கரட்டோரம் நிறுத்தினோம். அப்பா பெட்டியைச் சாய்த்தார். பெரிய பாம்பு பொலபொலவென்ற மண்ணில் முகத்தைச் செருகி, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாதி மறைந்துவிட்டது. குட்டிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் போயின. ஒன்று எதிர்த்திசையில் என் காலைச் சுற்றிக்கொண்டு போனது.

"அதோட குட்டிங்கள அது கூப்புடாதாப்பா?"

"அதுக்கு யாரு குட்டின்னு தெரியாது பாப்பா. பெத்துப் போட்டா அதோட சரி. அதது பொழப்ப அதது பாத்துக்கும்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். சொன்னால் அத்தை சந்தோஷப்படுவாள் என்று தோன்றியது. சைக்கிள் நிற்பதற்குள் குதித்து ஓடினேன். அவள் அறையில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அம்மா தூளியை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"அத்தே, அது ஒரு நல்ல பாம்பே இல்ல. குட்டிங்கள திரும்பிக்கூடப் பாக்காம போயிடுச்சு. அதுக்குத் தன் குட்டி எதுன்னே தெரியாதாம்."

முறம் நின்றது. அத்தை என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப அதுக்கு என்னாத்துக்குடி கடவுளு குடுத்தாரு?" என்றாள்.

கேட்டுவிட்டு அழத் தொடங்கினாள். பஸ்ஸில் அழுததுபோல இல்லை. வாயைத் திறந்து, தம்பி அழுவதுபோல, வெட்கமில்லாமல் அழுதாள். அரிசி மடியெல்லாம் சிந்தியது. நான் பயந்துபோய் அப்பாவைப் பார்த்தேன். அவர் வாசலிலேயே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அம்மா எழுந்தாள். தூளியை விலக்கித் தம்பியை எடுத்தாள். அவன் அரைத் தூக்கத்தில் இருந்தான். அத்தையின் முன்னால் வந்து குனிந்து, அரிசி சிந்திய அந்த மடியில் அவனைப் போட்டாள்.

"இவனச் சித்த பாத்துக்க. எனக்குத் துணி துவைக்கணும்" என்றாள். வாளியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். துவைக்கிறதற்குத் துணி ஒன்றும் இல்லை, காலையிலேயே துவைத்துக் காயப் போட்டிருந்தாள். வெறும் வாளியில் தண்ணீர் விழுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது.

அத்தைக்குக் குழந்தையைப் பிடிக்கத் தெரியவில்லை. எந்தக் கையை எங்கே கொடுப்பது என்று பழகிக்கொண்டிருந்தாள். தம்பி கண்ணைத் திறந்து, அவள் தாலிக் கயிற்றைப் பிடித்து வாய்க்கு இழுத்தான். அவள் அழுகையும் சிரிப்புமாக அவன் விரல்களைப் பிரித்தாள். நான் பக்கத்திலேயே நின்றேன். நான் நிற்பது அவள் கண்ணில் படவில்லை.

அந்த ஆனி மாதமே மாமாவுக்குக் கல்யாணம் நடந்தது. அந்தப் பெண்ணுக்கும் குழந்தை பிறக்கவில்லை. அவளுக்கும் நாகர் கல்லைத்தான் காட்டினார்கள். ஒரு பாம்பைக்கூடக் கூடையில் வைத்து டாக்டரிடம் கொண்டுபோன காலம் அது. மாமாவை ஒருவரும் கூட்டிப் போகவில்லை. அத்தை அடுத்த வருஷம், பெண்களை வேலைக்கு எடுத்த ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். நீலக் கோட்டுப் போட்டுக்கொண்டு கம்பெனி பஸ்ஸில் போவாள். ஷிப்ட் முடிந்து வந்ததும் தம்பியைத்தான் முதலில் தூக்குவாள். அவன் முதலில் பேசிய வார்த்தை 'அம்மா' இல்லை, 'அத்த' என்று அம்மாவே சொல்வாள், எரிச்சலோடு அல்ல.

அத்தைக்கு இப்போது எண்பதை நெருங்குகிறது. தம்பி வீட்டில்தான் இருக்கிறாள். அவன்தான் அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறான், நகம் வெட்டிவிடுகிறான், களியைக் கிள்ளிக் குழம்பில் தோய்த்து ஊட்டுகிறான். போன மாதம் நான் தளி ரோட்டில் இருக்கிற அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் ஒருத்தி அத்தையிடம் பேச்சுக் கொடுத்தாள். தம்பியைக் காட்டி, "உங்க பையனா பாட்டி?" என்று கேட்டாள்.

"ஆமா, என்னோடதுதான்" என்றாள் அத்தை.

பிறகு என் பக்கம் கையைக் காட்டினாள். "இது எங்கண்ணன் பொண்ணு."